ஆட்டத்தில் பிறந்த தேசம் – 6: கப்பலேறிய 'அகில இந்தியா'

1911 மே மாதம் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டது ஒரு கிரிக்கெட் அணி. அதில் பார்சி மருத்துவர் ஒருவர் இருந்தார். அலிகர் கல்லூரியில் படித்த முஸ்லிம் இளைஞர்கள் இருந்தார்கள். பெங்களூரிலிருந்து ஒருவர், சென்னையிலிருந்து ஒருவர். பம்பாய் ரயில்வேயில் வேலை பார்த்த, தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிவைத்த ஒரு சாதியில் பிறந்த அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் தலைவராக, இருபது வயதுகூட நிறையாத ஒரு மகாராஜா. அணியின் பெயர் 'அகில இந்தியா'.

அந்தப் பெயரோடு ஒரு கிரிக்கெட் அணி கடல் கடந்து போனது அதுவே முதல் முறை. இந்தியாவின் முதல் டெஸ்ட் ஆட்டத்துக்கு இன்னும் இருபத்தோரு ஆண்டுகள் இருந்தன, சுதந்திரத்துக்கு முப்பத்தாறு ஆண்டுகள். காங்கிரஸ் மாநாட்டுப் பந்தல்களில் மட்டும் பேசப்பட்டுவந்த 'இந்தியர்' என்ற அடையாளம், வெள்ளைச் சட்டையும் மட்டையுமாக ஆங்கிலேயரின் திடலில் முதன்முதலாக இறங்கியது.

கடந்த இதழில், 1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்களில் வென்றதைப் பார்த்தோம். அந்த வெற்றியில் பல்வாங்கர் பாலூவுக்கும் அவர் தம்பி சிவராமுக்கும் இருந்த பங்கையும் பார்த்தோம். அந்த வாரம் 'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்' இதழ், இந்தச் சகோதரர்களை இந்து ஜிம்கானா சங்கத்தில் சேர்த்துக்கொண்டது மற்ற எந்த முயற்சியையும்விட இந்து இளைஞர்களின் மனத்தை அதிகம் திறந்திருக்கிறது என்று எழுதியது. 1890இல் சென்னையில் தொடங்கிப் பின்னர் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த இதழ் அது. அதை நடத்திய காமாட்சி நடராஜன் தமிழர். ஆட்டச் செய்தியைச் சமூகச் செய்தியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் அப்போதே இருந்தார்கள். நாமும் இந்த இங்கிலாந்துப் பயணத்தை அப்படித்தான் படிக்க வேண்டும்.

கலைந்துபோன கனவுகள்

இங்கிலாந்துக்குப் போய் ஆடுவது இந்தியருக்குப் புதிதல்ல. 1886இல் பார்சிகள் சொந்த அணி அமைத்துப் போய் வந்தார்கள். 28 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, 19 தோல்வி. துவண்டுவிடாமல் 1888இல் மறுபடியும் போனார்கள். இந்த முறை 31 ஆட்டங்களில் 8 வெற்றி. டாக்டர் எம்.இ. பவ்ரி என்ற பந்துவீச்சாளர் மட்டும் 170 விக்கெட்டுகள் சாய்த்துத் திரும்பினார். ஆனால் அவை பார்சிகளின் பயணங்கள். ஒரு சமூகத்தின் பெயரில் போனார்கள், அந்தச் சமூகத்தின் பெருமையோடு திரும்பினார்கள்.

எல்லாச் சமூகத்தாரும் சேர்ந்த ஓர் அணி வேண்டும் என்ற எண்ணம், ரஞ்சித்சிங்ஜி இங்கிலாந்துக்காக ஆடிப் புகழின் உச்சிக்குப் போன காலத்தில் முளைத்தது. இந்தியத் தோல் நிறம் கொண்ட ஒருவரைப் பார்க்க ஆங்கிலேயர் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள் என்றால், முழு அணியையும் அனுப்பினால் என்ன? ஆனால் ரஞ்சி இந்த முயற்சிகளுக்குக் கை கொடுக்கவில்லை. 1907இல் நவநகர் அரியணையில் ஏறிய பிறகும் அவர் மனம் மாறவில்லை. தன்னை ஓர் ஆங்கிலக் கிரிக்கெட் வீரராகவே அவர் கடைசிவரை கருதினார்.

ரஞ்சி விலகி நின்றது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை உள்ளூரிலேயே இருந்தது. பார்சிகளில் எத்தனை பேர், இந்துக்களில் எத்தனை பேர், முஸ்லிம்களில் எத்தனை பேர்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு முயற்சி இந்தக் கேள்வியில் சிக்கிக் கலைந்துபோனது. ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், ஆர்வமும் இருந்தது. அவர்களை எந்தக் கணக்கில் 'இந்தியா' என்று கூட்டுவது என்பதில்தான் உடன்பாடு வரவில்லை.

கணக்குப் போட்டு அமைந்த அணி

1909 ஜூலை 1ஆம் தேதி லண்டனில் மதன்லால் திங்க்ரா என்ற மாணவர் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். வைலி இந்தியா அமைச்சகத்தின் உயர் அதிகாரி. அடுத்த மாதமே திங்க்ரா தூக்கிலிடப்பட்டார். இங்கிலாந்துப் பத்திரிகைகள் இந்திய இளைஞர் என்றாலே வெடிகுண்டு, துப்பாக்கி என்று எழுதிய நாட்கள் அவை. பேரரசோடு இணக்கமாக இருப்பதில் வாழ்வும் வணிகமும் அடங்கியிருந்த இந்தியச் செல்வர்களும் சமஸ்தான மன்னர்களும் கலங்கினார்கள். இந்தியரைப் பற்றிய வேறொரு காட்சியை லண்டனுக்குக் காட்ட விரும்பினார்கள். பழைய கிரிக்கெட் திட்டம் அப்போதுதான் மறுபடியும் உயிர் பெற்றது.

முன்னின்று உழைத்தவர் ஜே.எம். ஃப்ராம்ஜி படேல். பார்சி அணியின் பழைய ஆட்டக்காரர், இந்தியக் கிரிக்கெட்டைப் பற்றி 1905இலேயே நூல் எழுதியவர். டாடா குடும்பத்தார் உதவினார்கள். பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமை ஏற்க முன்வந்தார். 1911 தொடக்கத்தில் பம்பாயில் தேர்வு ஆட்டங்கள் நடந்தன.

தேர்ந்தெடுத்த முறையைக் கவனியுங்கள். பார்சிகள் ஆறு, இந்துக்கள் ஐந்து, முஸ்லிம்கள் மூன்று. பார்சிகளில் டாக்டர் எச்.டி. கங்கா, கே.எம். மிஸ்திரி, ஆர்.பி. மெஹர்ஹோம்ஜி, முல்லா, புல்சாரா, வார்டன். முஸ்லிம்களில் சலாமுதீன், ஷஃப்கத் ஹுசைன், சையத் ஹசன். இந்துக்களில் எம்.டி. பை, பெங்களூர் ஜெயராம், சென்னைக்காரரான விக்கெட் கீப்பர் கே. சேஷாச்சாரி, பிறகு பாலூ, சிவராம்.

1909இல்தான் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் வந்தது. சட்டசபைத் தேர்தலில் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி தந்த சட்டம் அது. நாட்டு மக்களை மதவாரியாக எண்ணி இடம் பிரிப்பது அரசியலில் சட்டமானது. அதே கணக்கு ஈராண்டுக்குள் கிரிக்கெட் திடலிலும் அணிப் பட்டியலாக வந்தது. ஒரு வகையில் அது நேர்மையான கணக்குதான். எவரையும் விட்டுவிடாமல் சேர்த்துப் போக வேண்டும் என்ற அக்கறை அதில் இருந்தது. ஆனால் அந்த 'இந்துக்கள் ஐந்து' என்ற எண்ணுக்குள் ஒரு பெரிய கதை மறைந்திருந்தது. அந்த ஐவரில் இருவரை மற்ற இந்துக்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் குவளையைத் தொடவிட்டதில்லை.

பூனாவில் உருளை இழுத்தவர்

பாலூவின் குடும்பம் கொங்கணக் கரையிலுள்ள பல்வான் ஊரைச் சேர்ந்தது. தோல் பதனிடுவதைக் குலத்தொழிலாக விதித்து ஒதுக்கப்பட்ட சமார் சாதி. தந்தை ராணுவத்தில் வேலை பார்த்ததால் பிள்ளைகள் பூனாவில் வளர்ந்தார்கள். அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையும் பந்தும்தான் பாலூவுக்கும் சிவராமுக்கும் முதல் பள்ளிக்கூடம்.

பாலூவின் முதல் வேலை பூனாவில் ஒரு பார்சி சங்கத்தின் திடலில். ஆடுகளத்தைப் பெருக்க வேண்டும், உருளை இழுத்துச் சமன் செய்ய வேண்டும். சம்பளம் மாதம் 3 ரூபாய். 1892இல் ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். அங்கே வலை கட்டுவது, கோடு போடுவது, உருளை இழுப்பது எல்லாம் அவர் வேலை. உறுப்பினர்கள் பயிற்சி எடுக்க வந்தால் பந்து போடுவதும் அவர்தான். ஜே.ஜி. கிரேக் என்ற ராணுவ அதிகாரி அன்றைய இந்தியாவிலிருந்த மிகச் சிறந்த வெள்ளைக்கார மட்டையாளர். அவர் தினமும் மற்றவர்களுக்கு முன்பே வந்து பாலூவைப் பந்து போடச் சொல்வார். மணிக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பாலூ அவருக்குப் பந்து போட்டார். அந்த இடக்கைச் சுழலின் நயமும், பந்து பறக்கும் உயரத்தை மாற்றி மட்டையாளரை ஏமாற்றும் வித்தையும் அப்படி விளைந்தவை. அந்த ஆண்டுகளில் பாலூவின் கையில் ஒரு நாள்கூட மட்டை தரப்படவில்லை. பந்து போடுவது உழைப்பு, மட்டை பிடிப்பது கௌரவம். கௌரவம் அவருக்கு அனுமதிக்கப்பட்டதல்ல.

பூனா இந்துக்களின் அணிக்கு ஐரோப்பியரை வெல்ல ஆசை. வெல்ல வேண்டுமானால் பாலூ வேண்டும். பல நாள் வாதத்துக்குப் பிறகு அவரைச் சேர்த்தார்கள். திடலுக்குள் அவர் போட்ட பந்தைப் பிராமண வீரர்கள் கையால் பிடித்தார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே மண் குவளை, மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. முகம் கழுவ வேண்டுமென்றால், அவர் சாதியைச் சேர்ந்த ஒரு பணியாள் திடலின் மூலையில் தண்ணீர் ஊற்றுவார். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். கடை பெஞ்சில் நடந்தது அங்கே கிரிக்கெட் திடலில் நடந்தது.

நீதிபதி ரானடே, சேர்ந்து ஆடத் தெரிந்தவர்கள் சேர்ந்து உண்ணவும் பருகவும் வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். பூனாவில் பிளேக் பரவியபின் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பாலூவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. அங்கே இந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்ப்பதற்கும் ஒரு வாதம் நடந்தது. சேர்த்த பிறகு வெற்றிகள் வந்தன. வெற்றிகள் வந்தபின் குவளைகளும் மெல்ல மெல்ல ஒன்றாயின.

1911இல் பாலூவுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. பந்துவீச்சாளர்கள் ஓய்வை நினைக்கும் வயது. தோளிலும் வலி. அந்தத் தோளோடுதான் கப்பலேறினார்.

பத்தொன்பது வயதுத் தலைவர்

பூபிந்தர் சிங் 1891 அக்டோபரில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்து பட்டியாலாவின் மகாராஜா ஆனவர். முழு ஆட்சி அதிகாரம் கைக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அவருடைய செலவும் வாழ்க்கைமுறையும் ஆங்கில அதிகாரிகளின் புருவத்தை உயர்த்தியிருந்த நேரம். பேரரசின் தலைநகரில் நல்ல பெயர் எடுக்க கிரிக்கெட் அணித் தலைமை ஒரு வாய்ப்பாக அமைந்தது. கிரிக்கெட் மீது அவருக்கு உண்மையான காதலும் இருந்தது. தந்தை ராஜிந்தர் சிங் வளர்த்த ஆட்டம், மகன் இறுதிவரை கொட்டிக் கொடுத்து வளர்த்த ஆட்டம்.

ஆனால் 1911 ஜூன் 22ஆம் தேதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா. லண்டன் முழுக்க விருந்துகள், ஊர்வலங்கள், அரச வரவேற்புகள். சமஸ்தான மன்னர்களுக்கு அவையே முதல் கடமை. தொடக்கத்தில் சில ஆட்டங்களில் மட்டும் தலைமை ஏற்ற மகாராஜா பிறகு திடல் பக்கம் வரவில்லை. அவரோடு சேர்ந்து மிஸ்திரியும் போனார். இடக்கை மட்டையாளரான மிஸ்திரி அணியிலேயே நுட்பமான ஆட்டக்காரர், மகாராஜாவின் செயலாளரும் அவரே. எசமானர் விருந்துக்குப் போனால் செயலாளரும் உடன் போக வேண்டும். தலைவரையும் சிறந்த மட்டையாளரையும் ஒரே நேரத்தில் இழந்த அணிக்கு அதை ஈடுகட்ட ஆளில்லை.

வெயில் கொளுத்திய கோடை

ஜூன் முதல் நாள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தோடு முதல் ஆட்டம். தோல்வி. அடுத்து கார்டிஃபில் தோல்வி. ஜூன் 8ஆம் தேதி லார்ட்ஸ் திடலில், ஆட்டத்தின் தலைமைச் சங்கமான எம்.சி.சி.யுடன் மோதினார்கள். எம்.சி.சி. 468 ஓட்டங்கள் குவித்தது. இந்தியா முதல் இன்னிங்ஸில் 204, இரண்டாவதில் 96. ஒரு இன்னிங்ஸும் 168 ஓட்டங்களும் வித்தியாசத்தில் தோல்வி. அன்றும் பாலூ 96 ஓட்டங்கள் கொடுத்து 4 விக்கெட் எடுத்திருந்தார். மிஸ்திரி 78 அடித்தார். பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அங்கே ஒரே இன்னிங்ஸில் பாலூ 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் வீழ்த்தினார். அப்படியும் ஆட்டம் கை நழுவியது.

ஜூன் முழுவதும் இப்படியே போனது. வாரத்தில் ஆறு நாளும் ஆட்டம். ஒரு ஊரில் மூன்று நாள், உடனே ரயில், அடுத்த ஊரில் மூன்று நாள். இந்தியாவில் இவர்கள் ஆண்டுக்குச் சில பெரிய ஆட்டங்களே ஆடிப் பழகியவர்கள். கவுன்ட்டி அணிகளில் இருந்தவர்களோ அதையே பிழைப்பாகக் கொண்டவர்கள், கோடை முழுவதும் நாள் தவறாமல் ஆடுபவர்கள். இந்த இடைவெளியைத் திறமையால் மட்டும் தாண்டிவிட முடியாது.

அந்த ஆண்டின் வானிலையும் ஒத்துழைக்கவில்லை. இங்கிலாந்து என்றதும் மழையும் குளிரும்தான் நம் நினைவுக்கு வரும். 1911இன் கோடை அப்படி இல்லை. ஜூலையில் வெயில் கொளுத்தத் தொடங்கியது. ஆகஸ்ட் 9ஆம் தேதி வெப்பம் 36 டிகிரி செல்சியஸையும் தாண்டியது. இங்கிலாந்து அதுவரை பதிவு செய்திராத சூடு அது. ஈரம் இருந்தால்தான் இடக்கைச் சுழல் ஆடுகளத்தில் கடித்துத் திரும்பும். வெயிலில் இறுகிய ஆடுகளம் மட்டையாளருக்குத் தோழன். வெயிலில் பிறந்து வளர்ந்த அணிக்கு, வந்த இடத்து வெயிலே எதிராளிக்குத் துணை போனது. அந்தக் காய்ந்த ஆடுகளங்களில், வலிக்கும் தோளோடு, ஒரு பக்கத்திலிருந்து பாலூ பந்து போட்டுக்கொண்டே இருந்தார். ஆடுகளத்தின் ஒவ்வொரு விரிசலையும் வாசிக்க உருளை இழுத்தவருக்குத் தெரியும். பூனாவில் 3 ரூபாய்க்குக் கற்ற பாடம் அங்கே உதவியது.

அவர் பந்துக்குப் பின்னால் ஸ்டம்புகளை ஒட்டி நின்றவர் நம் சேஷாச்சாரி. இடக்கைச் சுழலுக்குக் கீப்பிங் செய்வது எளிதல்ல. மட்டையாளரின் கால் மறைக்கும் பந்து எங்கே எழும், எங்கே தாழும் என்று பந்துவீச்சாளரின் மனத்தையே படிக்க வேண்டும். திடலில் இருக்கும் பதினொரு பேரில் பந்துவீச்சாளரோடு மிக நெருக்கமான உறவு விக்கெட் கீப்பருக்குத்தான். சென்னையிலிருந்து போன ஒருவரும், பல்வானைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவரும், ஒருவர் மொழி மற்றவருக்குத் தாய்மொழி அல்லாத நிலையில், பந்தின் சுழற்சியால் பேசிக்கொண்டார்கள்.

லெஸ்டரும் டான்டனும்

ஜூலை நடுவில் அணி லெஸ்டருக்கு வந்தது. அதுவரை ஒரு வெற்றிகூட இல்லை. லெஸ்டர்ஷயர் கவுன்ட்டி அணியோடு ஆட்டம். பாலூ முதல் இன்னிங்ஸில் 92 ஓட்டங்களுக்கு 5 விக்கெட், இரண்டாவதில் 93க்கு 6. டாக்டர் கங்கா நூறைக் கடந்து ஆடினார். இந்தியா 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ஆங்கில மண்ணில் ஒரு கவுன்ட்டி அணியை அகில இந்திய அணி வென்ற முதல் நாள் அது.

அதற்குச் சில நாட்களிலேயே டான்டன் நகரில் சாமர்செட் அணி. லெஸ்டரில் அண்ணன், டான்டனில் தம்பி. கடைசி இன்னிங்ஸில் இந்தியா இலக்கைத் துரத்திக்கொண்டிருந்தது. ஒரு முனையில் விக்கெட்டுகள் விழுந்தபடி இருக்க, மறுமுனையில் சிவராம் நின்றார். அண்ணன் கையில் பூனாவில் ஒரு நாளும் தரப்படாத மட்டை இப்போது தம்பியின் கையில் இருந்தது. ஒன்பது பேர் ஆட்டமிழந்தாயிற்று. மீதம் ஒரே விக்கெட். சிவராம் ஆட்டமிழக்காமல் 113. இந்தியா ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

இந்த இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது என் நெஞ்சு ஒவ்வொரு முறையும் நிறைகிறது. அந்தப் பயணத்தின் முதல்தர ஆட்டங்களில் இந்தியா வென்றவை இரண்டே. ஒன்றில் அண்ணன் பந்தால் முன்னின்றார். மற்றதில் தம்பி மட்டையால் முன்னின்றார். மகாராஜாவின் தலைமையும் செல்வர்களின் பணமும் சமூகங்களின் ஒதுக்கீடும் சேர்ந்து உருவாக்கிய அணியை, அதில் மிகத் தாழ்ந்தவர்களாக எண்ணப்பட்ட இருவர் தோளில் சுமந்தார்கள்.

ஆகஸ்ட் வந்தது. இங்கிலாந்து கொந்தளித்துக்கொண்டிருந்தது. பிரபுக்கள் சபையின் அதிகாரத்தை வெட்டும் சட்டம் நிறைவேறியது. நாடு தழுவிய ரயில் வேலைநிறுத்தம் நடந்தது. வாக்குரிமை கேட்டுப் பெண்கள் ஏற்கெனவே லண்டன் வீதிகளை நிறைத்திருந்தார்கள். முடிசூட்டு விழாவின் பளபளப்புக்கு அடியில் ஆளும் நாட்டிலேயே யாரைக் குடிமகன் என்று எண்ணுவது என்ற கேள்வி எழுந்திருந்தது. இந்திய அணி ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் போய் ஆடிவிட்டு, கோடை முடியும்போது ஊர் திரும்பியது.

மொத்தம் 23 ஆட்டங்கள். 6 வெற்றி, 15 தோல்வி, 2 டிரா. முதல்தர ஆட்டங்கள் 14, அவற்றில் 10 தோல்வி. பயணத்தை ஏற்பாடு செய்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் பாலூவின் கணக்கு தனி. எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 114 விக்கெட், விக்கெட்டுக்குச் சராசரி 18.84 ஓட்டங்கள். முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75. தோற்றுக்கொண்டிருந்த அணியில், மட்டையாளருக்குச் சாதகமான கோடையில், முதல் முறை போன நாட்டில் எடுத்த விக்கெட்டுகள் இவை. அந்தச் சூழ்நிலையோடு சேர்த்து எடைபோட்டால் இந்தியப் பந்துவீச்சின் பெரிய சாதனைகளில் ஒன்றாக இதை வைக்கத் தயங்க மாட்டேன்.

திரும்பி வந்தபின்

இங்கிலாந்தில் நூறுக்கு மேல் விக்கெட் எடுத்துத் திரும்பியவரை இந்துக்கள் அணியின் தலைவராக்க வேண்டாமா? ஆக்கவில்லை. தலைமை எம்.டி. பையிடம் இருந்தது. பை நல்ல மனிதர். 1913இல் தனக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே, மூத்தவரும் அனுபவசாலியுமான பாலூவுக்கே இந்தப் பெருமை சேர்ந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். தன்னைப் பாராட்டக் கூடியிருந்த சொந்தச் சாதியார் முன்னிலையில் சொன்னார்.

1920இல் தம்பிகள் பொறுமை இழந்தார்கள். சிவராமும் இன்னொரு தம்பி விட்டலும் அணியிலிருந்து விலகினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் பாலூ துணைத்தலைவர் ஆக்கப்பட்டார். அந்த ஆண்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தின்போது பை வேண்டுமென்றே திடலைவிட்டு வெளியேறி நின்றார். அந்த நேரத்தில் அணியை நடத்தியவர் பாலூ. 1923இல் விட்டல் முறைப்படி இந்துக்கள் அணியின் தலைவரானார். அண்ணனுக்குக் கிடைக்காத நாற்காலியில் தம்பி அமர்ந்தார். பாலூ தன் முதல்தர வாழ்க்கையில் 33 ஆட்டங்களில் 179 விக்கெட் எடுத்திருந்தார், சராசரி 15.21.

அணியிலிருந்த மற்றவர்களும் ஆளுக்கொரு வகையில் இந்தியக் கிரிக்கெட்டில் தங்கினார்கள். டாக்டர் கங்காவின் பெயரில் 1948இல் தொடங்கிய கங்கா லீக், பம்பாயின் பருவமழைக் காலத்தில் ஈர ஆடுகளத்தில் நடக்கும் போட்டியாக இன்றும் இருக்கிறது. பூபிந்தர் சிங் 1934இல் வழங்கிய கோப்பைதான் ரஞ்சி கோப்பை. அகில இந்திய அணிக்குக் கை கொடுக்க மறுத்தவரின் பெயரைத் தாங்கி, அந்த அணிக்குத் தலைமை ஏற்றவரின் பணத்தில் வந்த கோப்பை அது. அதன் முதல் ஆட்டம் நம் சேப்பாக்கத்தில் நடந்தது.

இரண்டு பட்டியல்கள்

1932 ஜூன் 25ஆம் தேதி லார்ட்ஸ் திடலில் இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கியது. தலைவர் சி.கே. நாயுடு. 1911இல் வெயிலில் வெந்து தோற்றவர்கள் போட்ட பாதையில்தான் அந்தப் பதினொரு பேர் நடந்து வந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில், பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி அறிவித்தார். அதை எதிர்த்துக் காந்தி பூனாவின் எரவாடா சிறையில் செப்டம்பர் 20ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். தாழ்த்தப்பட்டோரை இந்துக்களோடு சேர்த்து எண்ணுவதா, தனியே எண்ணுவதா என்பதுதான் கேள்வி. 24ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர் கையெழுத்திட்டார். சென்னை மாகாணத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் ராஜாஜியும் கையெழுத்திட்டார்கள். அதே தாளில் 'பி. பாலூ' என்றும் ஒரு கையெழுத்து இருக்கிறது.

1911இன் அணிப் பட்டியலில் 'இந்துக்கள் ஐந்து' என்ற எண்ணிக்கைக்குள் பாலூவைக் கேட்காமலே சேர்த்துக் கணக்கிட்டார்கள். 1932இல், அந்தக் கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்த மேசைக்கு அவரை அழைக்க வேண்டியிருந்தது. அவர் கூட்டுத் தொகுதியின் பக்கம் நின்றார். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்து நின்று, 11,225 வாக்குகள் பெற்றுத் தோற்றார். அம்பேத்கர் பெற்றவை 13,245. 1911இல் பாலூ லெஸ்டரில் பந்து வீசியபோது பம்பாயின் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இருபது வயது இளைஞர் அம்பேத்கர். ஒரே ஒடுக்குமுறைக்குள் பிறந்த இருவர், வெளியேற வேறு வேறு வழிகளை நம்பினார்கள். எந்த வழி சரி என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பாலூவின் நிலைப்பாட்டை ஏற்கிறவர்களும் மறுக்கிறவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: அந்த மேசையில் பேசும் உரிமையை அவர் தன் இடது கையால் சம்பாதித்திருந்தார்.

ஒப்பந்தம் கையெழுத்தான ஊர் பூனா. நாற்பது ஆண்டுகளுக்கு முன் மாதம் சில ரூபாய்க்கு அவர் உருளை இழுத்து, வலை கட்டி, கோடு போட்ட அதே ஊர். தேநீரை மண் குவளையில் வாங்கிப் பெவிலியனுக்கு வெளியே நின்று குடித்த அதே ஊர்.

*அடுத்த இதழில்: 1926 பம்பாய். ஆர்தர் கில்லிகனின் எம்.சி.சி. அணிக்கு எதிராக சி.கே. நாயுடு அடித்த 153 ஓட்டங்களும், அவை திறந்துவிட்ட டெஸ்ட் கதவும்.*

(தொடரும்)